எழுபதை நெருங்கும்போது எடுத்த தூரிகை



இன்று ஓர் அம்மாவைப் பற்றிப் பேசுவோம். அவர் பெயர் ஜோதையா பாய். மத்தியப் பிரதேசத்தில் உமரியா மாவட்டம் இருக்கிறது. அங்கே லோரா என்பது அவருடைய ஊர். பக்கத்தில் பாந்தவ்கர் காடு. புலிகள் நிறைந்த காடு அது. அவர் பைகா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்.

அவர் பள்ளிக்குப் போனதில்லை. இளம் வயதிலேயே கணவர் இறந்துவிட்டார். அப்போது இரண்டு சிறு பையன்கள். வயிற்றில் இன்னொரு குழந்தை. யார் சோறு போடுவார்கள்? அவர் கல் உடைத்தார். விறகு சுமந்து விற்றார். சாராயம்கூட விற்றார். பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது தாய் என்னதான் செய்வாள்! இப்படியே நாற்பது ஆண்டுகள்போல ஓடிவிட்டன.

2008ஆம் ஆண்டுவாக்கில் அந்த ஊரில் ஓவியம் கற்றுத்தரும் இடம் ஒன்று நடந்துவந்தது. நடத்தியவர் ஆசீஷ் சுவாமி. அவர் சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். ஜோதையா பாய் அங்கே போனார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. பேரன் பேத்தி எடுத்த வயதில் படம் வரைவதா? ஊர் சிரிக்காதா? அவர் அதைப் பார்க்கவில்லை.

முதலில் தரையில் வரைந்தார், நாம் வாசலில் கோலம் போடுகிறோமே அதுபோல. பிறகு காய்ந்த சுரைக்காய்க் குடுவையின் மேல் வரைந்தார். மரப்பலகையில் வரைந்தார். கடைசியில் காகிதம், துணி என்று வந்தது. எதை வரைந்தார்? புலி, மான், மயில், இலுப்பை போன்ற மகுவா மரம், தம் மக்கள் கும்பிடும் தெய்வங்கள். விறகுக்காகச் சுற்றிய காடுதானே! பார்த்துப் பார்த்துப் பழகிய உயிர்கள். அவற்றுக்காக வேறு புத்தகம் எதற்கு?

ஓவியம் அவருக்குத் தொழிலாயிற்று. 2019இல் இத்தாலி நாட்டு மிலான் நகரில் அவர் படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். 2022இல் பெண்களுக்கான நாரி சக்தி விருது கிடைத்தது. 2023இல் பத்மஸ்ரீ விருது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் வாங்கினார். அவரும் பழங்குடிப் பெண்தான்.

ஆசிரியர் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. விருது வந்ததால் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நாடு முழுதும் பெயர் தெரிந்த பிறகும் தமக்குப் பக்கா வீடு இல்லை என்று அந்த அம்மா வாய்விட்டுச் சொன்னார். அரசு வீடு கேட்டார். கேட்க அவர் கூச்சப்படவில்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்?

2024 டிசம்பர் 15ஆம் நாள் அவர் காலமானார். தூரிகை பிடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.