கம்பிக் கண்ணியும் நம் வாய்ப்பூட்டும்

(ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது களப் பணியாளர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)

கிழமையில் கிடைக்கிற ஒரே ஒரு நாளில் துணி துவைக்கிறதையும் கடைக்குப் போகிறதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேச வந்தது கம்பிக் கண்ணியைப் பற்றி. பிரேக் வயரிலும் கிளச் வயரிலும் சுருக்குப் போட்டு, மரக்கறித் தோட்டத்து ஓரத்திலே, கான் ஓரத்திலே, மானாப்புல்லுக்குள்ளே கட்டி வைக்கிறோமே, அந்தக் கண்ணி. வைக்கிறவர் பன்றிக்கென்றுதான் வைக்கிறார். ஆனால் கண்ணிக்குக் கண் கிடையாது. பன்றி வருகிற பாதையில்தான் நாயும் வருகிறது, கட்டவிழ்ந்த பசு மாடும் வருகிறது, புலியும் வருகிறது.

புலி என்று நாங்கள் சொல்வது சிறுத்தையை. இந்த நாட்டில் வரிப்புலி கிடையாது. தோட்டத்தில் நமக்குப் புலி என்றே வாய்க்குப் பழகிவிட்டது, அப்படியே பேசுவோம்.

2020 ஆம் ஆண்டு மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கத்தில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மரக்கறித் தோட்டத்துக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிக்கொண்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்க ஊசி போட்டு அவிழ்த்து, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். கழுத்தில் கம்பி அறுத்த காயம். 29 ஆம் திகதி அது செத்துப் போனது. கறுப்பு நிறத்தில் பிறக்கிற சிறுத்தை மிக அபூர்வம் என்பதால் நாடு முழுக்கப் பேசினார்கள். புள்ளி போட்ட சாதாரணப் புலி எங்கள் மலைகளில் எத்தனையோ செத்திருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தோம்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். காலையில் கொழுந்தெடுக்கப் போன ஓர் அம்மா, மலை மேட்டில் மானாப்புல்லுக்குள் உறுமல் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். எட்டிப் பார்த்தால் இடுப்பில் கம்பி இறுகிய புலி. ஓடிவந்து கங்காணியிடம் சொல்ல, கங்காணி, "சும்மா இரு புள்ள, நமக்கு எதுக்கு வம்பு?" என்றாராம். கண்ணி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னால் மச்சான்காரனைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று நினைத்தார்கள். கொழுந்து நிறுக்கிற நேரம் வரைக்கும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. அந்திக்கு யாரோ ஒரு பையன் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப, ஊர் திரண்டு வந்துவிட்டது. கூட்டத்தையும் கூச்சலையும் கண்ட புலி இன்னும் துள்ளித் துள்ளிக் கம்பியை இறுக்கிக்கொண்டது. வைத்தியர் வந்து சேர்ந்தபோது அது செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் மனிதருக்குக் கஷ்டம். மூன்று பேரைப் பொலிசுக்குக் கூட்டிப்போனார்கள். அதில் ஒருவர் கண்ணி வைத்தவர். மற்ற இரண்டு பேர் பக்கத்துத் தோட்டத் துண்டுக்காரர்கள், அவ்வளவுதான். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. படித்துக் காட்டியதாக ஞாபகம் இல்லை, கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தோம் என்கிறார்கள். கோர்ட்டுத் தவணைக்குப் போகிற நாளெல்லாம் பேர் இல்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, வக்கீல் காசு. கடைசியில் காதுத் தோடு அடகுக்குப் போனது. அந்த அம்மா எங்களிடம் சொன்னார்: "அன்னைக்குக் காலையிலேயே சொல்லியிருந்தா புலியும் பொழச்சிருக்கும், இவங்களும் பொழச்சிருப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். கம்பி இடுப்பில் இறுகினால் வெளியில் காயம் சின்னதாகத் தெரியும், உள்ளே உறுப்புகள் நசுங்கும். மிருக வைத்தியர் தூரத்திலிருந்து வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. கண்ட உடனே செய்ய வேண்டியது இதுதான்: கிட்டே போகாமல், சத்தம் போடாமல், பிள்ளைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்திவிட்டு 1992 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். கிடைக்காவிட்டால் 119, பொலிஸ். நீங்களே கம்பியை வெட்டிவிடலாம் என்று கத்தியோடு போகவே போகாதீர்கள். வலியில் இருக்கிற புலி அவிழ்த்துவிட்டவர் மேலேயே பாயும்.

புலிக்குப் பொலிஸ் எதற்கு என்று கேட்பீர்கள். கூட்டத்தைத் தள்ளி வைக்கத்தான். 2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு புலி ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. ஆட்கள் திரண்டு தடியால் அடித்தே கொன்றார்கள், படமும் எடுத்தார்கள். அந்தப் படமே பிறகு வழக்குக்குச் சாட்சியாகப் போனது. நேரத்தோடு நாலு பொலிஸ்காரர் வந்து பாதையை மறித்திருந்தால் காயம் குறைந்திருக்கும், மிருகமும் தப்பியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

"சொல்லுங்க, நல்லாத்தான் இருக்கு. சொன்னவனையே புடிச்சுக்கிட்டுப் போனா?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. நாங்களும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். பொலிஸ் ஜீப்பு தோட்டத்துக்குள் வந்தால் காம்பராக் கதவு மூடுகிற சத்தம் எங்களுக்கும் தெரியும். பயம் சும்மா வரவில்லை. பாஷை தெரியாமல், பக்கத்தில் நிற்க ஆள் இல்லாமல், பட்ட அனுபவத்தில் வந்தது.

இதற்காகத்தான் போன மாதம் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பொறுப்பதிகாரியோடும் சமூக பொலிஸ் பிரிவில் இருக்கிறவர்களோடும் பேசினோம். பிரஜா பொலிஸ் குழு என்றும் சமூக பொலிஸ் குழு என்றும் சொல்வது ஊராரும் பொலிசும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற குழுவைத்தான். கிராமங்களில் அது நடக்கிறது. தோட்டத்தில் பெயருக்கு இரண்டு பேரை எழுதிக்கொண்டு போனதோடு சரி. நாங்கள் மூன்று விஷயம் கேட்டோம். தகவல் சொன்னவரை நிலையத்துக்குக் கூப்பிடாமல் தோட்டத்துக்கே வந்து வாக்குமூலம் எடுக்க வேண்டும். அதைத் தமிழில் எடுக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரின் பெயரும் இலக்கமும் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உடனே சரி என்றார். இரண்டாவதுக்கு, தமிழ் எழுதத் தெரிந்தவர் நிலையத்தில் ஒருவர்தான், அவர் லீவு என்றால் என்ன செய்வது என்று கேட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னோம், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. யாரும் தயவு காட்டித் தருகிற விஷயம் அல்ல இது. நீங்களும் ஒன்றை மறக்க வேண்டாம்: உங்களுக்குப் புரிகிற பாஷையில் படித்துக் காட்டாத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். தலைவரையோ எங்களையோ கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.

கண்ணி வைத்தவரைக் காப்பாற்றுவோம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. புலியைக் கொல்வது 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லி அந்த வழக்கிலிருந்து லேசில் மீள முடியாது. ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே, கண்ணி வைத்திருக்கிறவர்கள் கழற்றிவிடுங்கள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அப்படியென்றால் பன்றிக்கு என்ன வழி? இரவோடு இரவாக ஒரு துண்டு உருளைக்கிழங்கை உழுதுபோட்டுப் போகிற கஷ்டத்தை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். சம்பளம் பத்தாமல் அந்தத் துண்டை நம்பித்தான் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறோம். முழு மருந்து எங்களிடம் இல்லை, இருக்கிறதாக நடிக்கவும் மாட்டோம். ஆனால் ஆளுக்கு ஒரு துண்டாகத் தனித்தனியே காவல் காக்கிறதைவிட, பக்கத்துப் பக்கத்துத் துண்டுக்காரர் சேர்ந்து ஒரே வேலியாகத் தகரமோ வலையோ அடித்து, அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைத்தால் பன்றி தோண்டிக்கொண்டு நுழைவது குறையும். இன்னொன்று, பன்றியைத் தின்கிறதே இந்தப் புலிதான். புலி இல்லாமல் போன மலையில் பன்றி பெருகாதா என்று யோசித்துப் பாருங்கள்.

புலி லயத்துக்குக் கிட்ட வருவது பெரும்பாலும் நாய்க்காக. நாய் சேருவது குப்பைக்காக. பன்றியும் அதே குப்பைக்குத்தான் வருகிறது. நமது லயத்துக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் கிடக்கிற குப்பை மேட்டைக் கூட்டத்துக்கு வருகிற வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். சாப்பாட்டு மிச்சம், கோழிக்குடல், பிள்ளைகளின் பம்பர்ஸ், எல்லாம் அங்கேதான். உங்களைக் குறை சொல்லவில்லை. அள்ளிக்கொண்டு போக வண்டி வந்தால் ஏன் பள்ளத்தில் கொட்டப் போகிறோம்?

இந்த வண்டி விஷயத்தில்தான் பிரதேச சபை வருகிறது. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். நாம் வாக்குப் போட்டோம், வேலை மட்டும் ரோட்டோரத்தோடு நின்றது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, ரோடு, தண்ணீர் போன்ற வேலைகளைச் சபை தோட்டத்துக்குள்ளும் செய்யலாம். அதே வருஷம் நுவரெலியா, அம்பகமுவ என்றிருந்த இரண்டு பெரிய சபைகள் பிரிந்து, கொட்டகலை, அக்கரபத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும் சேர்ந்து ஆறானது. 2023 மார்ச்சோடு சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் உறுப்பினர் என்று கேட்கவே ஆள் இல்லை. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து மறுபடி உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர்கள்தான். இப்போது நாம் அவர்களைக் கேட்கிற முறை.

என்ன கேட்பது? கிழமைக்கு ஒரு தடவை ட்ரக்டர் வந்து குப்பை அள்ள வேண்டும். பீலிக்கரைக்கும் கக்கூசுக்கும் போகிற பாதையில் விளக்குப் போட வேண்டும். இருட்டோடு எழுந்து பள்ளிக்கூடப் பஸ்சுக்கு நடக்கிற பிள்ளைகளுக்கு அந்த விளக்கு மிகவும் தேவை. வாயால் கேட்காமல் கடிதமாக, தமிழிலேயே எழுதி, ஒரு பிரதியில் முத்திரை அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். "மாத்தையா இல்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அந்தத் திகதியையும் குறித்து வையுங்கள். நிர்வாகத்தின் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் கவ்வாத்தும் கொழுந்தும் இல்லாமல் விட்ட மலைகள் பத்தைக்காடாகிப் புலிக்குப் படுக்கையாகிவிட்டன. அப்படிப்பட்ட மலைக்குள் இறங்க வேண்டி வந்தால், தனியாக இறங்காமல், பேசிக்கொண்டு சத்தத்தோடு இறங்குவதற்குக் கங்காணிமார் நேரம் கொடுக்க வேண்டும். தேயிலைக்குள் குட்டிகளைக் கண்டால் தூக்காதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது நாங்கள் கேட்பது ஒரு சின்னக் குழு. கொழுந்து எடுக்கிற அம்மாமார் இரண்டு பேர் கட்டாயம், மலையில் முதலில் பார்க்கிறது அவர்கள்தான். தலைவர் ஒருவர், கங்காணி ஒருவர், மரக்கறி போடுகிறவர்களில் ஒருவர், கைப்பேசி நன்றாகப் பழகிய ஒரு தம்பியோ தங்கச்சியோ. அடுத்த மாதம் முதலாம் ஞாயிறு இதே இடத்தில் கிராம உத்தியோகத்தரும், சபை உறுப்பினரும், பொலிசிலிருந்து தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் யார் வரவில்லை என்பதை அடுத்த இதழில் போடுவோம்.

பெயர் கொடுக்கிறவர்கள் வாசலில் இருக்கிற தங்கச்சியிடம் கொடுங்கள். தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.