நோயும் பழியும்



கொள்ளைநோய் பரவும் காலத்தில் மக்களை இருவகைத் துன்பங்கள் வந்தடைகின்றன. ஒன்று நோயினால் வருவது. மற்றொன்று பழியினால் வருவது. பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியோர் இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்க நேரிடுகின்றது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு மார்ச் மாதம் 6ஆம் திகதி, அந்நகரின் சீனர் குடியிருப்பில் ஒருவர் இறந்தார். பிளேக் நோயோ என்ற ஐயம் எழுந்தது. மறுநாளே குடியிருப்பைச் சுற்றிக் கயிறு கட்டிப் பொலிஸார் காவல் நின்றனர். உள்ளே இருந்த வெள்ளையர் வெளியேற விடப்பட்டனர், சீனர் தடுக்கப்பட்டனர். வெள்ளையர் இல்லங்களிற் சமையல் செய்தும் ஆடை வெளுத்தும் வாழ்ந்தோர் வேலைக்குச் செல்ல வழியின்றித் தவித்தனர்.

அத்தடை சில நாளில் நீங்கிற்று. எனினும் மே மாதத்தில் மீண்டும் தடை வந்தது. இம்முறை எல்லைக்கோடு வெள்ளையரின் கடைகளை விலக்கி வளைந்து வளைந்து சென்றது. தடுப்பூசி ஏற்றிக்கொள்ளாத ஆசிய மக்கள் நகரைவிட்டுப் பயணஞ்செய்யலாகாது என்ற கட்டளையும் பிறந்தது. நோய்க்கிருமி இனம் பார்ப்பதில்லை. கட்டளையோ இனம் பார்த்தது.

சீனர் நீதிமன்றத்தை நாடினர். ஜியூ ஹோ என்னும் மளிகைக் கடைக்காரர் தொடுத்த வழக்கில், ஜூன் மாதத்தில் நீதிபதி வில்லியம் மொரோ தடையை நீக்கித் தீர்ப்பளித்தார். நோயுள்ள வீட்டைத் தனிப்படுத்துவது முறை. பதினாயிரம் மக்களை ஒருங்கே அடைத்துவைத்தால் நோய் பெருகவே செய்யும் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று.

பழிக்கு அஞ்சிய மக்கள் நோயாளரை மறைத்தனர். மாநில ஆளுநர் ஹென்றி கேஜோ, வாணிகம் கெடுமென்று அஞ்சி, நோயே இல்லையென்று சாதித்தார். ஒளிந்த நோய் 1904 வரை நீடித்தது.

பிளேக் நோயை எலியின் உடலிலுள்ள தெள்ளு பரப்புகின்றது என்பதை 1898ஆம் ஆண்டிலேயே போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்திருந்தார். அவ்வுண்மையைப் பலர் அன்று ஏற்கவில்லை. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின், 1907இல் நோய் மீண்டும் தலைதூக்கியபோது அதற்கு ஆளானோரிற் பெரும்பாலோர் வெள்ளையரே. இப்பொழுது கயிறு கட்டுவார் எவருமிலர். மருத்துவர் ரூபர்ட் புளூவின் தலைமையில் எலிகள் ஒழிக்கப்பட்டன, நோயும் அடங்கிற்று.

மனிதரைப் பழித்த காலத்தில் நோய் மறைந்து வாழ்ந்தது. அதன் காரணத்தைத் தேடிச் சென்ற காலத்திலேயே மாய்ந்தது. அயலிலே வந்து குடியேறியவரை ஐயத்தோடு நோக்கும்போதெல்லாம் இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.