ஸ்காலர்ஷிப்பெல்லாம் எழுந்திரு

(மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



பீஸ் எப்படிக் கட்டுவது என்று பேசச் சொன்னார்கள். தத்துவம் பேச மற்ற தோழர்கள் இருக்கிறார்கள். நான் பீஸ் கட்ட முடியாமல் நின்றவன், அதைப் பேசுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் குமாஸ்தா வகுப்புக்கே வருவார். வாத்தியார் பாடத்தை நிறுத்துவார். 'ஸ்காலர்ஷிப்பெல்லாம் எழுந்திரு!' எழுந்து நிற்போம். யார் யார் சேரி என்று அறுபது பேருக்கும் தெரிந்துபோகும். பணமோ வந்தபாடில்லை. பரீட்சை நேரத்தில், 'பீஸ கட்டிட்டு ஹால் டிக்கெட் வாங்கிக்க' என்றார்கள். எங்கம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வச்சது. திருப்பவே முடியவில்லை. வேப்பங்குச்சியோடுதான் கடைசிவரை இருந்தது. அரசாங்கம் கட்டவேண்டிய பணத்துக்கு எங்கம்மா காது ஜாமீன்!

அண்ணல் 1913இல் கொலம்பியா போனது பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டில். சும்மா இல்லை, சமஸ்தானத்தில் பத்து வருஷம் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது; லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1920இல் மறுபடி போனது சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவியிலும், நண்பர் நவல் பத்தேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கியும். அவர் வைஸ்ராய் கவுன்சிலில் இருந்தபோது, 1944இல் வந்ததுதான் நம்முடைய மேற்படிப்பு உதவித்தொகை. அதைப் பிச்சை மாதிரி வாங்காதீங்க.

2016இல் ரோகித் வெமுலா எழுதிவைத்த கடிதத்திலும் வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகைக் கணக்கு இருந்தது. ஒன்றே முக்கால் லட்சம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2021 மத்திய விதிகளில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். செலவு மத்திய அரசு 60, மாநிலம் 40. ஃப்ரீஷிப் கார்டு இருந்தால் முன்பணம் கேட்காமல் சேர்க்கணும். நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்தப் பணம் கிடையாது. ஏஜெண்டு பேச்சை நம்பாதீங்க. பணம் உங்க வங்கிக் கணக்குக்கே வரும். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும்தான், ஆனாலும் அதில் பீஸ் பங்கைத் தொடாதீங்க. அதைக் காட்டித்தான் அடுத்த வருஷம் மடக்குவான்.

'பணம் கட்டாம சேர்க்க மாட்டோம்' என்றால், எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீங்க, பத்துப் பேராகப் போங்க.

சாதி, வருமானச் சான்றிதழ் நகல் கொண்டுவந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தப் புங்கமரத்தடிக்கு வாங்க. மனுவை இன்னைக்கே எழுதிடலாம்.