லயத்து வாசல் ஏறாத மானியம்

பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் பஸ் மாறி வந்து இங்கே உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே!

இன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்று தெரிந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கம் நமக்குச் சக்கர நாற்காலி கொடுக்கிறது. காதுக்கருவி கொடுக்கிறது. ஊன்றுகோல், வெள்ளைப் பிரம்பு, மூக்குக்கண்ணாடி கொடுக்கிறது. எதுவுமே கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் ஒரு பக்கம் கொடுக்கிறது. மாகாண சமூக சேவைகள் திணைக்களம் இன்னொரு பக்கம் கொடுக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடுத்த பொருள் இப்போது எங்கே இருக்கிறது?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயம். இஸ்தோப்பில் ஒரு சக்கர நாற்காலி நிற்கிறது. அதன் மேல் விறகு அடுக்கியிருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு குட்டிச் சக்கரங்களும் ஆஸ்பத்திரி வார்டில், வழுவழுப்பான தரையில் உருள்வதற்காகச் செய்தவை. லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்குவதோ கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். கல் இடுக்கில் மாட்டி ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. பிள்ளை சின்னப் பையன். நாற்காலி பெரிய ஆளின் அளவு. உட்கார வைத்தால் ஒரு பக்கம் சரிகிறான், கால் மிதிபலகைக்கு எட்டவில்லை. பழைய படங்கைச் சுருட்டி இடுப்புக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்துப் பார்த்திருக்கிறாள் தாய். அவள் கொழுந்தெடுக்கப் போனால் அந்தப் பிள்ளை மாலை வரை காம்பராவுக்குள் பாயில் கிடக்கிறான். நாற்காலி கையளித்த அன்று எடுத்த படத்தில் மாலை போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் யார் கையிலாவது ஓர் அளவு நாடா இருந்ததா?

உலக சுகாதார நிறுவனம் 2008 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தது. ஆளைப் பரிசோதித்து அளவெடுக்க வேண்டும், அவர் வாழும் இடத்துக்கு ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உடம்புக்குப் பொருத்த வேண்டும், ஓட்டப் பழக்க வேண்டும், பழுதானால் திருத்த வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் சக்கர நாற்காலிச் சேவை. நம்மிடம் நடப்பது கையளிப்பு மட்டும். அளவு பொருந்தாத நாற்காலியில், மெத்தை இல்லாமல், உணர்ச்சியற்ற உடம்பு நாள் முழுக்க உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். புண்ணில் கிருமி ஏறினால் உயிரே போகலாம். ஆகவே இதை வெறும் வசதிக் குறைவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

காதுக்கருவியின் கதையைக் கேளுங்கள். அதற்குள் போடும் ஒரு பொத்தான் பற்றரி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. ஒட்டியிருக்கும் தாளை உரித்த நிமிடத்திலிருந்தே அதன் ஆயுள் குறையத் தொடங்கும். லயத்தில் இருக்கும் பாட்டி அந்தப் பற்றரியை எங்கே வாங்குவாள்? தோட்டத்துக் கடையில் டோர்ச் பற்றரி இருக்கிறது, இது இல்லை. ஊருக்கு வந்து தேட வேண்டும்; பஸ் காசும் போகிறது, பேரும் போகிறது. அதற்கு மேல் ஹப்புத்தளை, நமுனுகுலைப் பனி. ஈரம் புகுந்தால் கருவி செத்துவிடும். பிள்ளைகளுக்கு என்றால் காது வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சையும் புதிதாக வார்க்க வேண்டும். செயற்கைக் காலும் அப்படித்தான். வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். சீனி வியாதியால் கால் இழந்த பெரியவருக்கோ, எஞ்சிய கால் சுருங்கச் சுருங்கக் செயற்கைக் காலின் குழியைத் திருத்த வேண்டும். ஒருமுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக் கோப்பை மூடும் மானியம் இந்த உடம்புகளுக்கு உதவாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நமது உரிமையைச் சொல்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் தடையின்றிப் போய்வர 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2016 இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. நமது மொழிக்கும் உத்தரவு உண்டு. 1999 இல் நமது பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அப்படியிருக்க, சிங்களப் படிவத்தை நீட்டி "யாரிடமாவது நிரப்பிக்கொண்டு வா" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்புகிறவர் அவளுடைய உரிமையைப் பறிக்கிறார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2024 இல் 7,500 ரூபாவானது; 2025 இல் 10,000 ரூபாவானது. வரவேற்கிறேன். ஆனால் அந்தக் காசு அரிசிக்கும் மாவுக்கும் போகிறது. அதிலிருந்து பற்றரியும் வாங்கு, சக்கரமும் மாட்டு என்று சொல்வது நியாயமல்ல.

அடுத்து பாதை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. படியை உடைத்துச் சரிவுப் பாதை போடுங்கள் என்று பிரதேச சபையைக் கேட்டால், "அது தோட்டத்து ரோடு" என்றார்கள். தோட்டத்துக்குள் தங்கள் விருப்பப்படி செலவு செய்யப் பிரதேச சபைச் சட்டம் இடம் தரவில்லை என்று பல காலம் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. இனி அந்தச் சாட்டு செல்லாது. தோட்டத்துத் துரையைக் கேட்டால், "கம்பனிக்குக் கட்டுப்படியாகாது" என்கிறார். இந்த மண் யாருடையது? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம்தான் கம்பனிகளுக்குப் போனது, அதுவும் குத்தகைக்கு. வீட்டுக்காரர் அரசாங்கம், குத்தகைக்காரர் கம்பனி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்ட, நடுவில் நமது பிள்ளை பாயில் கிடக்கிறான். மாகாண சபையில் கேட்கலாம் என்றால், 2014 இல் தேர்ந்தெடுத்த நமது ஊவா மாகாண சபையின் காலம் 2019 இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே வைக்கவில்லை.

மலைச் சரிவு, ஒன்றும் செய்ய முடியாது என்கிறவர்கள் தெமோதரைக்குப் போய்ப் பார்க்கட்டும். ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் குடைந்து, பாதையை வட்டமாகச் சுற்றி இறக்கி, 1924 இல் பதுளை வரை ரயிலைக் கொண்டு வந்தார்கள். தேயிலைப் பெட்டி துறைமுகம் போக வேண்டும் என்பதற்காக! கொழுந்து மூட்டையை மலை உச்சியிலிருந்து கம்பி வழியே ஸ்டோருக்கு இறக்கினார்கள். தேயிலைக்கு வழி கண்டுபிடித்த இதே மலையில், அந்தத் தேயிலையை வளர்த்தவளின் பேரனுக்கு ஒரு சரிவுப் பாதை போட வழி தெரியவில்லையா?

நாடு வங்குரோத்தாகி இப்போதுதான் எழுந்து நிற்கிறது, காசில்லை என்பார்கள். விறகு அடுக்கியிருக்கும் அந்த நாற்காலிக்கும் நமது வரிக்காசுதானே போனது? பாவிக்க முடியாத பத்து நாற்காலிக்குச் செலவழிப்பதைவிட, அளவெடுத்த ஐந்து நாற்காலியும் அவற்றைத் திருத்த ஒரு ஆளும் போதும். தமிழ்நாட்டில் 2022 இல் உலக வங்கிக் கடனோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கிறார்கள். சிகிச்சை வண்டி ஊர் ஊராகப் போகிறது. பதுளையில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து மாதம் ஒரு வண்டி, அளவெடுக்கவும் பொருத்தவும் தெரிந்த ஆட்களோடு, தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு வரட்டும். பிரதேச செயலகத்துக்கு ஒன்றாகத் திருத்துமிடம் அமையட்டும். நமது இளைஞர்களைப் பழக்கி அங்கே வேலைக்கு வையுங்கள். ஓட்டோ திருத்துகிற கைகளுக்குச் சக்கர நாற்காலி பெரிய வித்தையல்ல. பற்றரியைக் கருவியோடு சேர்த்து வருடம் முழுவதும் கொடுங்கள். இத்தனை கொடுத்தோம் என்று பட்டியல் போடும் அதிகாரி, ஒரு வருடம் கழித்து அவற்றில் எத்தனை பாவனையில் இருக்கின்றன என்றும் எழுத வேண்டும்.

நமது தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்துக்குப் போராடினீர்கள், வீட்டுக்குப் போராடினீர்கள், நன்றி. புதிய வீட்டின் வாசல் எத்தனை அகலம், கக்கூசுக்குள் நாற்காலி நுழையுமா என்று கேட்டீர்களா? இந்தக் கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் வையுங்கள். வைக்காமல் அடுத்த தேர்தலுக்கு லயத்து வாசலில் வந்து நின்றால், முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

மண்டபத்து வாசலில் மேசை போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் எந்தப் பொருள் சும்மா கிடக்கிறது, என்ன பழுது, எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனை படி என்று சொல்லுங்கள். நமது ஆசிரியத் தம்பிமார் தமிழிலேயே எழுதிக் கொள்வார்கள். அந்தப் பட்டியலோடு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். வரக்கூடியவர்கள் எல்லோரும் வாருங்கள். உடைந்த நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.