ஒரு தரம் வெட்டினால் அடுத்ததும் வெட்டுத்தானா?

(பிள்ளைக்காம்பராவில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் மருத்துவமாது ஒருவர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், மூத்த புள்ளைய வெட்டித்தான் எடுத்தாங்க. இந்தப் புள்ளையும் வெட்டுத்தானா?" நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் இருக்கிற மாமியார் பதில் சொல்லிவிடுவார்: "ஒருக்கா கத்தி வச்சா எப்பவும் கத்திதான்!"

மாமியார் சொல்வது முழுப் பொய் இல்லை; பழைய கதை. 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து டொக்டர் எட்வின் கிரேகின் என்பவரும் இதையேதான் எழுதினார். அந்தக் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டினார்கள். வலி வரும்போது இறுகி வேலை செய்வது அந்த மேற்பகுதிதான். ஆகவே பழைய தழும்பு பிரியும் பயம் அதிகம். பிற்காலத்தில் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை வந்தது. இன்று பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தழும்பு கூடுதல் பலமானது.

அப்படியானால் சுகப் பிரசவம் ஆகுமா? பலருக்கு ஆகும். டொக்டர் பார்த்து, "உனக்குச் சரி" என்று சொல்லி, முயற்சி செய்கிற 100 தாய்மாரில் ஏறக்குறைய 72 முதல் 75 பேருக்குச் சுகமாகவே பிறக்கிறது. முன்னர் ஒரு பிள்ளையையாவது சுகமாகப் பெற்றவர்களுக்கு இது 85 முதல் 90 வரை போகும். மற்றவர்களுக்கு வலி வந்த பிறகு ஒப்பரேசன் செய்ய நேரிடும்.

இதில் ஆபத்தே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு வலியின்போது பிரியலாம். பிரிந்தால் தாய்க்கு உள்ளே இரத்தம் போகும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். அப்போது கையில் இருப்பது நிமிடங்கள்தான். தியேட்டரும் இரத்தமும் டொக்டரும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு உயிரையும் காப்பாற்றலாம். லயத்துக் காம்பராவில் இருந்தால்?

பல வருஷத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி. முதல் பிள்ளை சிசேரியன். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் திரும்பவும் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, இராத்திரி வந்த வலியை யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தது. விடியற்காலை திடீரென்று வலி நின்றுபோனது. "வலி விட்டிருச்சு, தூங்கட்டும்" என்று வீட்டார் நினைத்தார்கள். தழும்பு பிரிந்ததால்தான் வலி நின்றது என்று அவர்களுக்குத் தெரியாது. தாய் பிழைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. அந்தத் தங்கச்சியின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை கிளினிக்கில் என்னிடம் சொல்லியிருந்தால், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியிருப்பேன். அதற்காகத்தான் இன்றைக்கு இதைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

முதலாவது, துண்டு. ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தருகிற டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வையுங்கள். வயிற்றுத் தோலில் தெரிகிற தழும்பைப் பார்த்து, உள்ளே கருப்பையை எப்படி வெட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது அந்தத் துண்டுதான். கூரை ஒழுகுகிற வீட்டில் பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள்.

இரண்டாவது, இடைவெளி. பிள்ளை பிறந்து 2 வருஷமாவது போனபிறகு அடுத்த பிள்ளை உண்டாவது நல்லது. தழும்பு ஆறவும், உங்கள் உடம்பில் இரத்தம் ஊறவும் காலம் வேண்டும். இது அண்ணன்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடும்பத் திட்டம் பெண்பிள்ளை மட்டும் பார்க்கிற வேலை இல்லை.

மூன்றாவது, நாள் தள்ளிப்போனதும் பதிந்துகொள்ளுங்கள். முதல் கிளினிக்கிலேயே "எனக்கு முந்தி சிசேரியன் செய்தது" என்று சொல்லுங்கள். விசேட டொக்டரிடம் அனுப்புவோம். அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "போன தரம் ஏன் வெட்டினீங்க? இந்தத் தரம் எனக்குச் சுகப் பிரசவம் சரிவருமா?" சிலருக்குச் சரிவராது. மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியவர்கள், முன்பு கருப்பை பிரிந்தவர்கள், நச்சுக்கொடி வாசலை மறைத்துக் கிடப்பவர்கள் சுகப் பிரசவத்துக்கு முயலக் கூடாது. திரும்பவும் சிசேரியன்தான் என்று முடிவானால், சாதாரணமாக 39 வாரம் அளவில் நாள் குறிப்பார்கள். அதிலே ஒரு குறைவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்த பிள்ளையில் நச்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். கூடை தூக்கவும் நாள் செல்லும். ஆகவே இரண்டு பக்கத்தையும் யோசித்து முடிவெடுங்கள்.

நான்காவது, இடம். தோட்டத்து டிஸ்பென்சரி இதற்குப் போதாது. எந்நேரமும் தியேட்டரும் இரத்தமும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எப்போது வர வேண்டும் என்று கடைசி மாதத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். தூரத்து டிவிசனில் இருப்பவர்கள் முன்கூட்டியே வார்ட்டில் சேரலாமா என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. வலி வர வைக்க விளக்கெண்ணெய், கஷாயம் எதுவும் கொடுக்க வேண்டாம். வயிற்றை அமுக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில்கூட இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்து வலி வர வைக்க டொக்டர்மார் நிறைய யோசிக்கிறார்கள். அப்படி வர வைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து 2, 3 மடங்கு கூடும்.

வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளைத் துடிப்பு குறைந்தாலோ, வலிக்கும் வலிக்கும் நடுவில் தழும்பில் விடாமல் நோவு இருந்தாலோ, ஒரு நிமிஷமும் காத்திருக்க வேண்டாம். இராத்திரி என்றாலும் என்னை எழுப்புங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனால் நம்முடைய மலை ரோட்டில், மழை நாளில் அது வந்து சேர நேரமாகலாம். அதனால் தோட்டத்து வாகனத்துக்கும், ஒரு திரீவீலருக்கும் முன்பே சொல்லி வைப்பது புருஷன்மாரின் பொறுப்பு.

ஆக, "ஒருக்கா வெட்டினா எப்பவும் வெட்டு" என்பதும் சரியில்லை. "வீட்டிலேயே சமாளிச்சிடலாம்" என்பதும் சரியில்லை. சுகப் பிரசவத்துக்கு ஆசைப்படுங்கள். அந்த ஆசையை ஒளிக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். வலி வந்ததும் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். காணாமல் போயிருந்தால் நாளைக்கு என்னிடம் வந்து சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்போம்.