முத்துக்குளித்தவர் கடனும் நம் பிள்ளைகளின் விசாவும்

(ஜவ்வாது மலை அடிவாரக் குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகும் நாடுகளில் ஒன்று கத்தார். உலகமயமாக்கல் ஒரு சிறிய அரபு நாட்டை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கணக்கும் கொஞ்சம் விளங்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் கத்தார் மக்களின் பிழைப்பு முத்துக்குளிப்பு. அந்த முத்துகள் பம்பாய் வழியாக உலகச் சந்தைக்குப் போயின. படகுத் தலைவரிடம் முன்பணம் வாங்கிவிட்டுத்தான் கடலில் இறங்குவார்கள். தந்தை தீர்க்காத கடன் மகன் தலையில் விழுவதும் உண்டு. 1920களின் இறுதியில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையில் பெருகியது. 1929இல் உலகப் பொருளாதாரமும் சரிந்தது. முத்து வாணிபம் படுத்துவிட்டது. பலர் ஊரையே விட்டுப் போனார்கள்.

பிறகு எண்ணெய் வந்தது. 1949இல் ஏற்றுமதி தொடங்கியது. 1996இன் இறுதியில் திரவ எரிவாயுவின் முதல் கப்பல் அதே ஜப்பானுக்குப் புறப்பட்டது. வாழ்வைப் பறித்த சந்தையே வாழ்வையும் தந்தது. 2017 ஜூனில் அண்டை நாடுகள் உறவை முறித்து எல்லையை மூடியபோது, பணம் இருந்தும் பால் வரத்து நின்றது. விமானத்தில் மாடுகளை இறக்கிப் பண்ணை வைத்தார்கள். ஒரே வாசலை நம்பக்கூடாது என்று அந்த நாடு கற்றுக்கொண்டது.

நாம் கற்றோமா? முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாற 2020இல் கத்தார் சட்டம் வழிவிட்டது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1000 ரியால். ஆனால் வட்டிக்கு வாங்கி விசா எடுத்தவன் எங்கே மாறுவான்? சட்டம் அவிழ்த்த கட்டைக் கடன் மறுபடி போட்டுவிடுகிறது. அன்றைய முத்துக்குளிப்பவர் நிலைதான் இதுவும்.

ஆகவே, அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டிடம் மட்டும் போங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீது கேளுங்கள். பத்தாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

தாய்மார்களே, நகையை அடகு வைக்கும் முன் அந்தத் தாளுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். வரும் சம்பளத்தில் ஒரு பங்கு இங்கேயே ஒரு தொழிலாக, படிப்பாக நிற்கட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.