எழுத்துக் கூட்டிப் படிக்கும் நேரம்

பெரட்டுக்கு எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை, உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாக இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கை வேலை செய்யும். மனம் கடைக்கணக்குப் பார்க்கும். அலையும் மனத்தை வாசிப்பு எப்படி நிறுத்தி வைக்கிறது என்பதை இன்று பேசலாம்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். வெட்டு முடிந்தவுடன் பால் எடுக்க முடியாது. மங்கில் பால் வடிந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் பசியாறிவிட்டு, கடைச்சாமான் சுற்றி வந்த பழைய ‘தமிழ் நேசன்’ தாளை விரிப்பார். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழ் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வரியின் கீழ் விரலை வைத்து, வாய்விட்டுப் படிப்பார்.

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யும்படி மலாய் மொழியில் கடிதம் வந்தது. லயமே கலங்கிப் போயிற்று. நாளைக்கே வெளியேற வேண்டுமாம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அப்பா என்னை உட்கார வைத்தார்.

“ஒவ்வொரு வரியா படிய்யா. தாண்டாதே.”

பயத்தில் நான் தாண்டித்தான் போனேன். மூன்றாம் முறை விரல் வைத்துப் படித்தபோதே தேதி கண்ணில் பட்டது. மூன்று மாதத் தவணை இருந்தது. வீடு என்னவோ போகத்தான் போயிற்று. ஆனால் அந்த மூன்று மாதத்திற்குள் பட்டர்வொர்த்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டார். என் படிப்பும் நிற்கவில்லை.

கண்ணால் மட்டும் படிக்கும்போது பக்கம் புரண்டுகொண்டே போகும், மனம் எங்கோ இருக்கும். ஆசிரியனான எனக்கே இது நடக்கிறது. வாய்விட்டுப் படித்தால் அப்படி ஏமாற்றுவது கடினம். மனம் நகர்ந்தால் பல நேரம் நாக்கு தடுக்கும். வரியின் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டியதாகும். அப்படித் திரும்பத் திரும்ப வருவதில்தான் மனம் அடங்குகிறது. ஆகவே, சரளமாகப் படிக்க வராதே என்று தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். மெதுவாகப் படிப்பவருக்கும் இதில் பலன் உண்டு.

இரவுச் சாப்பாட்டிற்குப் பிறகு கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ஒரு பக்கம் படியுங்கள். பிள்ளையின் பாடநூலானாலும் போதும். நம் தோட்ட வாழ்க்கையையே அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ என்று நாவலாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் அதை எடுங்கள். செபராங் ஜெயாவில் பினாங்குப் பொது நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டணம் போகிறவர்கள் வேலை நேரத்தை விசாரித்துக்கொண்டு, பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம்.

ஒன்று மட்டும். பிள்ளை படிக்கும்போது தவறினால் உடனே திருத்தாதீர்கள். வரி முடியும்வரை பொறுத்திருங்கள். பல நேரம் தானே திரும்பி வந்து திருத்திக்கொள்ளும்.